வீட்டில் வாழைப்பழம் பழுக்க வைத்தல்

கொல்லையில் வெட்டிய வாழைத்தார் பழுப்பதற்கு ஒரு வாரமோ பத்து நாளோ காத்திருக்க வேண்டியிருக்கிறது. பழுக்கத் தொடங்கிவிட்டாலோ மூன்று நான்கு நாட்களுக்குள் அத்தனையையும் தின்று தீர்க்க வேண்டியதாகிறது. கடையில் சீப்புக் கணக்கில் வாங்குகிறவர்களுக்கும் இதே தொல்லைதான். பணியாரத்திற்கோ, அப்பத்திற்கோ, இக்காலத்தில் பல இல்லங்களிலும் செய்யப்படுகிற வாழைப்பழக் கேக்கிற்கோ நன்கு கனிந்த பழம் வேண்டும் என்று தேடும் நாளில், கைக்குக் கிடைப்பது பாதி பச்சையான காயாகவே இருக்கும். இவ்வவசரத்தினாலேதான் அடுப்பில் வைத்து வாட்டுவது, குளிர்ப்பெட்டியில் வைத்துக் கறுக்கச் செய்வது, கார்பைடு கல் வைப்பது முதலிய குறுக்கு வழிகள் தலையெடுக்கின்றன. இவற்றுள் சில பயனற்றவை. ஒன்று உடலுக்குக் கேடு விளைவிப்பது, சட்டத்தாலும் தடுக்கப்பட்டது. ஆகவே, வாழைக்காய் பழமாகிறபோது அதனுள்ளே நிகழ்வது என்ன, அதை நாம் எவ்வளவு தூரம் விரைவுபடுத்தலாம், எங்கே பொறுத்திருக்க வேண்டும் என்பவற்றைப் பயிரிடும் அங்கத்தினரும் வாங்கிப் புசிக்கும் அங்கத்தினரும் ஒருங்கே அறிந்திருத்தல் நலம்.

பழுத்தல் என்பது யாது?

பழம் என்றவுடன் நாம் மூன்று குணங்களை எதிர்பார்க்கிறோம்: தோலில் மஞ்சள் நிறம், சதையில் மென்மை, சுவையில் இனிப்பும் மணமும். காய் தானாகக் கனியும்போது இம்மூன்றும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. அதனால் இவை மூன்றும் ஒன்றே என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் இவை மூன்றும் வெவ்வேறு வேலைகள். ஒன்று வந்து மற்றது வராமற் போவதும் உண்டு. இந்த ஒரு செய்தியை மனத்திற் கொண்டால் பழுக்க வைப்பதிலுள்ள பிழைகள் யாவும் எளிதில் விளங்கிவிடும்.

முதலில் இனிப்பை எடுத்துக்கொள்வோம். முற்றிய வாழைக்காயின் சதையில் எடைக்கு ஏறத்தாழ 20 முதல் 25 சதவிகிதம் வரை மாவுச்சத்து இருக்கிறது. சர்க்கரையோ ஒன்றிரண்டு சதவிகிதந்தான். பழுக்கும்போது காயிலுள்ள நொதிகள் இம்மாவுச்சத்தைச் சிறிது சிறிதாக உடைத்துச் சர்க்கரையாக மாற்றுகின்றன. நன்கு பழுத்த பழத்தில் மாவுச்சத்து ஒன்றிரண்டு சதவிகிதமாகக் குறைந்து, சர்க்கரை 15 முதல் 20 சதவிகிதம் வரை உயர்ந்துவிடுகிறது. இந்தச் சர்க்கரை வெளியிலிருந்து வருவதன்று. மரத்தில் நின்ற காலத்தில் காய் சேமித்த மாவே பிறகு சர்க்கரையாகிறது. சேமிப்பு இல்லாத பிஞ்சைக் கொண்டுவந்து எந்த வித்தை செய்தாலும் அது இனிக்காது.

அடுத்தது மென்மை. சதையின் நுண்ணறைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசை, பழுக்கும்போது கரைந்து தளர்கிறது. அத்துடன் சர்க்கரை மிகுந்த சதை தோலிலுள்ள நீரையும் உறிஞ்சிக்கொள்கிறது. அதனாலேயே காயாக இருக்கும்போது தடித்திருந்த தோல், பழத்தில் மெலிந்து எளிதில் உரிகிறது.

மூன்றாவது நிறம். தோலில் மஞ்சட் பொருள் காயிலேயே இருக்கிறது. பச்சையம் அதனை மறைத்துக்கொண்டிருக்கிறது. பச்சையம் அழிந்தவுடன் மஞ்சள் வெளிப்படுகிறது. காயின் துவர்ப்புக்குக் காரணமான பொருள்கள் நாவில் உறைக்காத வகையில் மாறுவதும், பழத்திற்கே உரிய நறுமணம் தோன்றுவதும் இவற்றோடு உடன் நிகழ்பவை. மணம் கடைசியில்தான் நிறைவு பெறுகிறது. தோல் முழுவதும் மஞ்சளாகி ஒரு நாள் இரண்டு நாள் சென்று, சிறு பழுப்புப் புள்ளிகள் விழும்போதே மணம் முழுமையாக இருக்கும்.

காய்க்குக் கட்டளையிடும் வாயு

இத்தனை மாறுதல்களையும் ஒரே காலத்தில் தொடங்கி வைப்பது எத்திலீன் என்னும் வாயு. அதற்கு நிறமில்லை. மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்யும் தன்மையுடையது. முற்றிய காய் இந்த வாயுவைத் தானே சிறிதளவு வெளியிடுகிறது. அது காயைச் சுற்றித் தேங்கினால் காய் மேலும் மிகுதியாக அதே வாயுவை உண்டாக்குகிறது. இவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்றாக வளர்ந்து, காயின் சுவாசம் திடீரென உயர்ந்து, பழுத்தல் வேகமடைகிறது. ஒரு சீப்பில் ஒரு பழம் கனிந்துவிட்டால் அடுத்தடுத்தவையும் விரைவில் கனிவதன் காரணம் இதுவே.

எத்திலீன் வாயு செடிகளைப் பாதிக்கும் என்று 1901-ஆம் ஆண்டில் ருஷிய விஞ்ஞானி நெல்யூபோவ் கண்டறிந்தார். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் எலுமிச்சங்காய்களை மண்ணெண்ணெய் அடுப்பு எரியும் அறையில் வைத்து மஞ்சளாக்குவது வழக்கமாக இருந்தது. அடுப்பின் சூடே நிறத்தை மாற்றுகிறது என்று அங்குள்ளோர் எண்ணியிருந்தார்கள். வேறு வகையில் சூடேற்றியபோது காய் பச்சையாகவே நின்றது. அடுப்பின் புகையிலிருந்த எத்திலீனே காரணம் என்பதை டென்னி என்பவர் 1924-இல் எடுத்துக்காட்டினார். பழங்கள் தாமே அவ்வாயுவை உண்டாக்குகின்றன என்பதை இங்கிலாந்தில் கேன் என்பவர் 1934-இல் மெய்ப்பித்தார். நம் முன்னோர் தாரைக் குழியிலிட்டுப் புகை மூட்டியதும், அரிசிப் பானையில் காயைப் புதைத்ததும் எதனால் பலித்தன என்பதற்கு இக்கண்டுபிடிப்புக்கள் விடையளிக்கின்றன. சருகும் வறட்டியும் கனன்று எரியும் புகையில் எத்திலீன் உண்டு. மூடிய பானையில் காய் விடும் வாயு வெளியேறாமல் தங்குகிறது.

வெப்பமும் நிறமும்

வாயு இருந்தால் மட்டும் போதாது. அளவான வெப்பமும் வேண்டும். பழுக்க வைக்கும் நவீன அறைகளில் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமும், தோல் வற்றாதபடி மிகுந்த ஈரப்பதமும் வைத்துக்கொள்கிறார்கள். வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே இறங்கினால் காய்க்குக் குளிர்த் தாக்குதல் ஏற்படுகிறது. தோல் மங்கிச் சாம்பல் நிறமடைந்து, பிறகு வெளியில் எடுத்து வைத்தாலும் செம்மையாகக் கனிவதில்லை. ஆதலால் பச்சைக் காயைக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாகாது.

மிகுந்த வெப்பத்திலும் ஒரு விநோதம் நிகழ்கிறது. பச்சை வாழை என்றும் ரோபஸ்டா, கிராண்ட் நைன் என்றும் வழங்கும் வகைகளில், சுற்றுப்புற வெப்பம் ஏறத்தாழ 25 டிகிரியைத் தாண்டினால் உள்ளே சதை கனிந்துவிடும். ஆனால் தோலின் பச்சையம் சரிவர அழியாது. நம் கோடைக்காலத்தில் வீட்டில் பழுக்க வைத்த இப்பழம் தோல் பச்சையாகவே இருந்தும் உள்ளே தேனாக இனிப்பதைக் காணலாம். நம் ஊர்களில் அதற்குப் பச்சைப்பழம் என்ற பெயரே வழங்குகிறது. அதே பழம் குளிர்ந்த அறையில் பழுத்தால் பொன்னிறமாகிறது. இனிப்பும் நிறமும் தனித்தனி வேலைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி முதலியவை நம் வெப்பத்திலும் மஞ்சளாகும். ஆகையால் பச்சைப்பழத்தை விரலால் மெல்ல அழுத்தியும் முகர்ந்தும் பார்த்தே கனிவை அறிய வேண்டும். நிறத்தை நம்பிக் காத்திருந்தால் பழம் அழுகிவிடும்.

எந்தக் காய் பழுக்க வைப்பதற்கு ஏற்றது?

முற்றிய காயே ஏற்றது. இளங்காயின் பக்கங்களில் கூர்மையான பட்டைகள் தெரியும். காய் முற்ற முற்ற இப்பட்டைகள் மழுங்கி, காய் உருண்டு திரளும். நுனியில் ஒட்டியிருக்கும் காய்ந்த பூ, தொட்டவுடன் உதிரும். தொலைவிலுள்ள சந்தைக்கு அனுப்புவோர் வழியிலேயே பழுத்துவிடாதிருக்க முக்கால் பங்கு முற்றியவுடன் வெட்டுகிறார்கள். வீட்டுத் தேவைக்கும் உள்ளூர்க் கடைக்கும் வெட்டுகிறவர்கள் காய் நன்றாகத் திரளும் வரை பொறுக்கலாம். ஒரே தாரிலும் மேல் சீப்புக்கள் முதலில் தோன்றியவையாதலால் முன்னதாக முற்றும். கடைசிச் சீப்புக்கள் பிந்தும்.

வெட்டும்போது தாரைத் தரையில் விழவிடாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும். அடிபட்ட இடம் பழுக்கும்போது கறுத்துக் கொழகொழப்பாகிறது. காயமடைந்த காய் எத்திலீனை மிகுதியாக விடுவதால் அருகிலுள்ள நல்ல காய்களும் நினைத்ததற்கு முன்பே கனிந்துவிடும்.

வீட்டில் செய்யத்தக்க முறைகள்

(1) பானை முறை: இரண்டொரு சீப்புக்குப் போதுமானது. அகன்ற மண்பானையிலோ மரப்பெட்டியிலோ சிறிது வைக்கோல் அல்லது உலர்ந்த வாழைச்சருகு பரப்பி, சீப்புக்களை நெருக்காமல் அடுக்கி, மேலே தடித்த பருத்தித் துணியையோ சாக்கையோ போட்டு மூடலாம். சில ஊர்களில் ஆடாதொடை இலையை இடையிடையே வைப்பார்கள். முற்றிய காய் நம் வெப்பத்தில் இரண்டு மூன்று நாட்களில் மாறத் தொடங்கும். நாளுக்கு ஒரு முறை திறந்து பார்ப்பது அவசியம். காற்று சிறிதும் நுழையாத பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது தவறு. காயும் உயிருள்ள பொருள். அது பிராணவாயுவை இழுத்துக் கரியமில வாயுவை விடுகிறது. கரியமில வாயு தேங்கினால் பழுத்தல் தடைப்படும். பிராணவாயு தீர்ந்துவிட்டால் பழத்தில் புளித்த சாராய நெடி ஏறும். காகிதப் பையும் துணியும் எத்திலீனைச் சற்றுத் தேக்கி வைத்து, சுவாசத்திற்கும் இடம் தருகின்றன.

(2) துணைப்பழ முறை: நான்கைந்து காய்களை விரைவாகக் கனிய வைக்க வேண்டுமானால் காகிதப் பையில் அவற்றோடு நன்கு கனிந்த வாழைப்பழம் ஒன்றையோ, ஆப்பிள், பழுத்த மாம்பழம், பப்பாளி இவற்றுள் ஒன்றையோ சேர்த்து வைத்து, பையின் வாயை மடித்துவிட வேண்டும். துணைப்பழம் விடும் எத்திலீன் காயைத் தூண்டுகிறது. வழக்கமாகும் நாட்களில் ஒன்றிரண்டு குறையும். சாத்துக்குடி, ஆரஞ்சு போன்றவை அவ்வாயுவை மிகக் குறைவாகவே விடுவதால் துணையாகப் பயன்படா.

(3) புகை மூட்டம்: தார்க் கணக்கில் பழுக்க வைப்போருக்கு உரிய பழைய முறை. வீட்டுக்கு வெளியே மேட்டு நிலத்தில் குழி வெட்டியோ, தனியான சிறு அறையிலோ, சுற்றிலும் வாழைச்சருகு வைத்துத் தார்களை அடுக்குவார்கள். ஒரு சட்டியில் சருகையோ வறட்டியையோ தீயெழும்பாமல் கனிய வைத்து, புகையை உள்ளே செலுத்தி, வாயை மண்ணிட்டு மூடுவார்கள். கோடையில் ஏறத்தாழ ஒரு நாளும், குளிர்காலத்தில் ஒன்றரை முதல் இரண்டு நாளும் மூட்டத்தில் இருந்தால் போதும். பிறகு தார்களை எடுத்துக் காற்றோட்டமான நிழலில் வைத்தால் அடுத்த ஓரிரு நாட்களில் சீராகப் பழுக்கும். இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பழுக்கும் காய்கள் தாமே வெப்பத்தை உண்டாக்குவதால், இறுக்கமாக அடுக்கினால் நடுவிலுள்ளவை வெந்தாற்போல் கெட்டுவிடும். அன்றியும், இப்புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டு. ஆட்கள் படுத்துறங்கும் வீட்டில் மூட்டம் போடுவதும், மூட்டத்தைத் திறந்தவுடன் உள்ளே தலையை நுழைப்பதும் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். முதலில் திறந்து காற்றோட விட்டு, பின்பே இறங்க வேண்டும்.

(4) எத்திலீன் அறை: பெருமளவில் விற்போர் இப்போது கைக்கொள்ளும் முறை இது. குளிரூட்டிய அறையில், காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்குக்கு மேற்படாமல் எத்திலீன் வாயுவைச் செலுத்தி, ஏறத்தாழ ஒரு நாள் மூடி வைத்து, பிறகு புதிய காற்றை விடுகிறார்கள். நான்கு முதல் ஆறு நாட்களில் எல்லாச் சீப்புக்களும் ஒரே நிறத்தில் வெளிவருகின்றன. இவ்வளவு எத்திலீனை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அனுமதித்திருக்கிறது. காய் தானே உண்டாக்கும் வாயுவையே இங்கு வெளியிலிருந்து தருவதால், முற்றிய காய்க்கு இயற்கையான பழுத்தலே நிகழ்கிறது. வாயு மட்டுமே காயின் மீது படலாம். எத்திலீனை வெளியிடும் மருந்துகளைத் தண்ணீரில் கரைத்துக் காயை முக்குவதும், அவற்றின் பொடி பழத்தில் படும்படி வைப்பதும் அனுமதிக்கப்படாதவை.

கார்பைடு கல்

கால்சியம் கார்பைடு என்பது இரும்பை ஒட்டவைக்கும் பட்டறைகளில் பயன்படும் சாம்பல் நிறக் கல். இதன் மீது ஈரம் பட்டால் அசிட்டிலீன் என்ற வாயு வெளிப்படுகிறது. இவ்வாயு எத்திலீனைப் போல் காயை ஏமாற்றுகிறது. ஆயினும் அதன் சக்தி எத்திலீனின் சக்தியைக் காட்டிலும் மிகக் குறைவு. அதனால் தேவைக்கு மேல் கல்லை வைக்கிறார்கள். தொழிற்சாலையில் செய்யப்படும் இக்கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் நச்சுக் கலப்புச் சிறிதளவில் உண்டு. அது பழத்தின் தோலிலும், கையாளுகிறவரின் கையிலும் மூச்சிலும் சேருகிறது. அசிட்டிலீன் எளிதில் தீப்பற்றி வெடிக்கக் கூடியது. கல்லைச் சிறு பொட்டலங்களாகக் கட்டித் தார்களுக்கிடையே திணிக்கும் வேலையாளே இதில் முதலில் துன்புறுகிறார்.

கார்பைடு கொண்டு பழுக்க வைத்த பழத்தை விற்பது 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்கு விதிகளால் நாடெங்கும் தடை செய்யப்பட்டிருக்கிறது. சட்டம் இருந்தும் பொங்கல், ஆயுதபூசை முதலிய பண்டிகைகளுக்கு முன் தேவை ஏறும்போது ஆசை மிகுகிறது. நாளைக்கே மஞ்சளாக வேண்டும் என்று வியாபாரி கேட்க, முற்றாத தாரை வெட்டிக் கொடுக்கும் விவசாயி சேமிப்பில்லாத காயைக் கொடுக்கிறார். கல் வைத்தால் தோல் மஞ்சளாகும். சதை மாவாகவும் சப்பென்றும் இருக்கும். வாங்கினவர் மறுமுறை அக்கடைக்கு வருவதில்லை. எடையில் குறைந்த இளந்தாருக்குக் கிடைத்த விலையும் முற்றிய தாரின் விலைக்கு ஈடாவதில்லை. ஒரு வாரம் பொறுத்திருந்தால் காய் திரண்டு எடையும் கூடியிருக்கும். நஞ்சைப் பற்றிய பேச்சை ஒருபுறம் ஒதுக்கினாலும், வெறுங்கணக்கிலேயே இது நட்டமான காரியம்.

கார்பைடு பழத்தைக் கண்ணால் கண்டுபிடிக்கப் பல அடையாளங்கள் கூறுகிறார்கள். தோல் மஞ்சளாகவும் காம்பு பச்சையாகவும் இருந்தால் கல் வைத்தது என்பது அவற்றுள் ஒன்று. எத்திலீன் அறையில் முறையாகப் பழுத்த பழத்திலும் ஒரு கட்டத்தில் காம்பு பச்சையாகவே இருக்கும். ஆகையால் இவ்வடையாளத்தைக் கொண்டு ஒருவரைக் குற்றஞ்சாட்டுவது முறையன்று. நம்பத்தக்க இடத்தில் சற்றுப் பச்சையான சீப்பாக வாங்கி வீட்டில் பழுக்க வைத்துக்கொள்வதே நிச்சயமான காப்பு. எந்தப் பழத்தையும் ஓடும் நீரில் கழுவிய பிறகே உரிக்க வேண்டும்.

அடுப்பும் குளிர்ப்பெட்டியும்

கேக் செய்வோரிடையே ஒரு யுக்தி பரவியிருக்கிறது. பழத்தைத் தோலுடன் ஓவனில் 150 டிகிரி வெப்பத்தில் 20 முதல் 30 நிமிடம் வரை வைத்தால் தோல் கன்னங்கரேலென்று கறுத்து, சதை குழைந்துவிடும். கறுத்தும் குழைந்தும் இருப்பதால் அது கனிந்துவிட்டது என்று நம்புகிறார்கள். இங்கே வந்தது மென்மை மட்டுமே. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள், வெப்பம் ஏறும் வழியில் சிறிது நேரம் விரைந்து வேலை செய்து, பிறகு அச்சூட்டிலேயே அழிந்துபோகின்றன. அதனால் இனிப்பு அற்பமாகவே கூடும். கனிந்த பழத்தின் மணம் தோன்றாது. வாழைக்காயை வேகவைத்தால் அது மெத்தென்று ஆகிறது. அதைப் பழம் என்று யாரும் சொல்வதில்லை. இதுவும் அத்தகையதே. ஆயினும் ஏற்கெனவே மஞ்சளாகி, இன்னும் இறுக்கமாயிருக்கும் பழத்தை அன்றே மசிக்க வேண்டிய அவசரத்திற்கு இம்முறை உதவும். அப்போது மாவில் சேர்க்கும் சர்க்கரையை ஒரு கரண்டி கூட்டிக்கொள்ளலாம். பச்சைக் காய்க்கு இம்முறை உதவாது.

குளிர்ப்பெட்டியின் உறைநிலை அறையில் வைத்தாலும் தோல் கறுக்கும். வெளியில் எடுத்தவுடன் சதை நீர்விட்டுக் குழையும். நுண்ணறைகள் பனிக்கட்டியால் உடைவதன் விளைவு அது. இனிப்புச் சிறிதும் கூடாது. உறையவைத்தல் பழுக்கவைக்கும் முறையன்று. பழுத்ததைக் காக்கும் முறை என்ற வகையில் அதற்குப் பெருமதிப்புண்டு. சரியான கனிவு வந்த பழத்தைத் தோலுரித்து, மூடியுள்ள பாத்திரத்தில் உறையவைத்தால் இரண்டு மூன்று மாதங்கள் வரை கேக்கிற்கு எடுத்து ஆளலாம். உருகும்போது வடியும் நீரில் சர்க்கரை இருப்பதால் அதையும் மாவிலேயே சேர்த்துவிட வேண்டும். உறைநிலை அறை இல்லாதவர்கள், பழுத்த பழத்தைக் குளிர்ப்பெட்டியின் சாதாரணத் தட்டில் சில நாட்கள் வைக்கலாம். தோல் கறுத்தாலும் சதை கெடாது.

கேக்கிற்கு எந்த நிலையில் பழம் வேண்டும்?

வாணிபத்தில் வாழையின் நிறத்தை ஏழு படிகளாகப் பிரிக்கிறார்கள். முதற்படி முழுப் பச்சை. நான்காவது பச்சையைவிட மஞ்சள் மிகுந்தது. ஆறாவது முழு மஞ்சள். ஏழாவது மஞ்சளில் பழுப்புப் புள்ளி விழுந்தது. தின்பதற்கு ஆறாம் படி போதும். மாவோடு கலந்து சுடுவதற்கு ஏழாம் படியும், அதைத் தாண்டித் தோலில் பாதி பழுப்பான நிலையும் சிறந்தவை. காரணங்கள் மூன்று. முதலாவது, இனிப்பு மிகுந்திருப்பதால் வேறு சர்க்கரை குறைவாகப் போதும். இரண்டாவது, மணம் நிறைந்திருப்பதால் மாவு, முட்டை இவற்றின் வாடையை மீறி அது நிற்கும். மூன்றாவது, எளிதில் மசிந்து, கேக்கில் ஈரம் பல மணி நேரம் தங்கும். பழத்திலுள்ள சிறிதளவு புளிப்பு ஆப்ப சோடாவுடன் சேர்ந்து கரியமில வாயுவை எழுப்புவதால் மாவு பொங்குகிறது.

தோல் முழுதும் கறுத்திருந்தாலும் சதை வெளிர் நிறமாகவும் நல்ல மணமாகவும் இருந்தால் பயன்படுத்தலாம். பூஞ்சணம் பூத்ததும், நீர் கசிவதும், சாராய நெடி அடிப்பதும் குப்பைக் குழிக்கு உரியன.

வகைகளுள் பச்சைப்பழம் நீர்ப்பதம் மிகுந்தது. கேக்கிற்கு எளிதில் மசியும். பூவனில் இலேசான புளிப்பு இருப்பதால் சோடா நன்கு வேலை செய்யும். ரஸ்தாளியின் மணம் உயர்ந்தது. அதில் சில காய்களுக்குள்ளே கல்போன்ற கட்டி விழுவதுண்டாதலால் மசிக்கும்போது அதனை நீக்க வேண்டும். கற்பூரவல்லி மிகுந்த இனிப்புடையது. சர்க்கரையை மேலும் குறைக்கலாம். நேந்திரன் பழுத்தபின்னும் மாவுச்சத்தைச் சற்று மிகுதியாக வைத்துக்கொண்டு இறுக்கமாகவே இருப்பதால், தோல் நன்கு கறுக்கும் வரை பொறுக்க வேண்டும்.

அளவு வருமாறு: மசித்த பழம் 300 கிராம் (பச்சைப்பழமாயின் மூன்று, பூவனாயின் ஐந்து அல்லது ஆறு), கோதுமை மாவு அல்லது மைதா 225 கிராம், சர்க்கரை அல்லது பொடித்த வெல்லம் 120 கிராம், எண்ணெய் 90 மில்லி, முட்டை இரண்டு, அல்லது அதற்குப் பதிலாகக் கெட்டித் தயிர் 100 மில்லி, ஆப்ப சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. மாவையும் சோடாவையும் உப்பையும் கலந்து சலித்துக்கொள்ள வேண்டும். மற்றவற்றைத் தனியே அடித்துக் கலந்து, பிறகு மாவைச் சேர்த்து, உலர்ந்த மாவு தெரியாத அளவுக்கு மட்டும் கிளறினால் போதும். அதிகமாகக் கிளறினால் கேக் இறுகிவிடும். எண்ணெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றி, ஓவனில் 175 டிகிரியில் 50 முதல் 60 நிமிடம் வரை சுட வேண்டும். ஓவன் இல்லாதவர்கள் கனமான பாத்திரத்தில் மணலோ உப்போ இரண்டு விரற்கடை பரப்பி, மூடிப் பத்து நிமிடம் சூடேற்றி, உள்ளே ஒரு வளையத்தின் மேல் கேக் பாத்திரத்தை வைத்து மூடி, சிறுதீயில் ஏறக்குறைய அதே நேரம் வைக்கலாம். நடுவில் குச்சியைச் செருகி எடுத்தால் மாவு ஒட்டாதிருப்பதே பதம். நீரிழிவு உள்ளவர்கள், கனிந்த பழத்தின் இனிப்பும் சர்க்கரையே என்பதை மறவாதிருக்க வேண்டும்.

ஒரே தாரைப் பல நாள் பயன்படுத்தல்

தார் முழுவதும் ஒரே நாளில் கனியாதபடி செய்வதும் நம் கையில் இருக்கிறது. தாரைச் சீப்புச் சீப்பாக அறுத்து, பால் வடிந்த பின் கழுவித் துடைத்து, மேல் இரண்டு சீப்புக்களை மட்டும் பானையிலிட வேண்டும். மற்றவற்றைக் குளிர்ந்த, காற்றோட்டமான நிழலில் தனித்தனியே தொங்கவிட வேண்டும். பழுத்த பழம் எதுவும் அருகில் இருத்தலாகாது. மூன்று நாளைக்கு ஒருமுறை அடுத்த இரண்டு சீப்புக்களைப் பானைக்கு மாற்றினால் பழம் வரிசையாகக் கிடைத்துக்கொண்டிருக்கும். கேக் செய்ய வேண்டிய நாள் முன்கூட்டியே தெரிந்திருந்தால், பச்சைக் காயை ஆறேழு நாள் முன்பாகவே பானையில் இடலாம். நாளுக்கு முன்பே கனிந்துவிட்டால் உரித்து உறையவைக்கலாம். நாளாகியும் கனியவில்லையெனில் துணைப்பழம் சேர்க்கலாம்.

சுருங்கக் கூறின்: முற்றிய காயைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதன் சொந்த வாயுவை மூடிக் காக்க வேண்டும், மூச்சுவிடச் சிறிது காற்றும் தர வேண்டும், அதிகக் குளிரும் அதிகச் சூடும் கூடா, நிறத்தை மட்டும் நம்பாமல் தொட்டும் முகர்ந்தும் அறிய வேண்டும். காயின் மாவு சர்க்கரையாவதற்கு ஆகும் நாட்களை அடுப்பும் கல்லும் தர இயலா. அந்நாட்களைக் காய்க்கு விட்டுக்கொடுப்பவரின் பழம் வீட்டுக் குழந்தைக்கும் ஏற்றது, சந்தைக்கும் ஏற்றது.